மீனைப் பார்த்துப் புளி

தண்டையார்பேட்டை கிடங்குத்தெருவில், ஞானதுரை மளிகைக்கடையில் புளி வாங்க வருகிறவர்கள் முதலில் மீனைக் காட்ட வேண்டும். அது கடைக்காரர் போட்ட சட்டம் இல்லை, எப்படியோ வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம். தெருவின் நடுவே காசிமேட்டுப் பெண்கள் கூடையும் பலகையுமாக உட்கார்ந்திருப்பார்கள். சனங்கள் அங்கே மீனை வாங்கி, பனையோலையில் முடிந்த மீனோடு நேரே கடைக்கு வந்து, ஞானதுரையின் மனைவி தங்கபுஷ்பத்தின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். அவள் ஒற்றை விரலால் ஓலையை விலக்கிப் பார்த்து, "வீட்டுல எத்தன பேரு?" என்று கேட்பாள். வேறு பேச்சே கிடையாது. புளி, மிளகாய், மல்லி, வெந்தயம், சின்ன வெங்காயம் எல்லாம் அந்த மீனுக்கும் அந்த வீட்டுக்கும் ஏற்ற அளவில் ஒரே பொட்டலமாக வந்துவிடும். சங்கராவுக்குப் புளி தூக்கலாக இருக்கும். காரப்பொடி மீனுக்குக் குறைவு. சுறா என்றால் புளி வாசமே கூடாது, பூண்டும் மிளகும்தான். வவ்வால் மீனைக் காட்டினால், "வறுக்கவா, குழம்பா?" என்று ஒரு கேள்வி கூடுதலாக வரும்.

ஞானதுரை இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பொட்டலம் கட்டுவது பெண்பிள்ளை வேலை. கடை ஓடுவது தன் சாமர்த்தியத்தால் என்பது அவர் எண்ணம். கொத்தவால்சாவடியில் விதை நீக்கிய புளியை மோந்து பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அது உண்மைதான். ஆனால் மோந்து பார்த்துச் சொல்வதில் அவருக்கிருந்த பெருமையைவிட, தன் கையெழுத்தில் இருந்த பெருமை பத்து மடங்கு. முத்து முத்தாக எழுதுவார். வியாபாரிகள் சங்கத்துக்குக் காரியதரிசியாக அவரைப் போட்டதே அந்தக் கையெழுத்துக்காகத்தான். நாசரேத்துப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் பேச்சில் ஊர் மாறவில்லை. எழுத்தில் மட்டும் அவர் யாரோ வேறு ஆள். நாலு வரி எழுதினால் மூன்று வரி செந்தமிழாக இருக்கும்.

கிடங்குத்தெரு அப்போது இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே வந்தால் மூச்சு முட்டும் தெரு. துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகள் முக்கில் நின்று கத்திக்கொண்டே இருக்கும். ஐம்பத்து மூன்றாம் வருஷம் சர்க்கார் ஒரு முடிவுக்கு வந்தது. தெருவை அகலப்படுத்துவது, இரண்டு பக்கத்துக் கடைகளையும் எடுத்துவிடுவது, பழைய உப்புக் கிடங்கு இருந்த காலி மனையில் புது மார்க்கெட் கட்டுவது. சிமெண்டுத் தரை, ஓட்டுக் கூரை, கடைக்குக் கடை மின்சார விளக்கு. பேட்டைக்கே பெரிய வாழ்வு வருகிறதென்று பேசிக்கொண்டார்கள். மார்க்கெட்டின் அமைப்பைப் பற்றி வியாபாரிகளுக்கு ஏதாவது அபிப்பிராயம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றும் சர்க்கார் கேட்டது. இங்கேதான் ஞானதுரையின் கையெழுத்து குறுக்கே வந்து விழுந்தது.

நாலு நாள் உட்கார்ந்து அவர் ஒரு மனு எழுதினார். இருபத்திரண்டு வியாபாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். அதன் நகல் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் படித்துக் காட்டினார். மனுவின் சாரம் இவ்வளவுதான்: மீன் விற்பவர்களை மார்க்கெட்டின் பின்பக்கம் தள்ளி, நடுவில் ஒரு சுவர் எழுப்ப வேண்டும்.

"சுவரு என்னதுக்குங்க?" என்று தங்கபுஷ்பம் அப்போதே கேட்டாள்.

"ஏளா, அது நாகரிகம். பாரிமுனைப் பக்கம் பெரிய கடையள்ல போய்ப் பாரு. மீன் கூடைக்குப் பக்கத்துல எவனாவது சீனி விக்கானா?"

"அங்கன மீன் குழம்புக்குச் சாமான் வாங்க யாரும் வரமாட்டாவளே."

"உனக்கு இதெல்லாம் விளங்காது."

விளங்காதவள் மாதிரியே அவளும் பொட்டலம் கட்டப் போய்விட்டாள்.

தை மாதத்தில் மார்க்கெட் திறந்தார்கள். வாழைமரம் கட்டி, கிராமபோனில் நாதஸ்வரம் வைத்து, பேச்செல்லாம் பேசினார்கள். ஞானதுரைக்கு முன்வரிசையில் மூன்றாம் கடை. பச்சைப் பெயிண்ட் அடித்த பலகை, கண்ணாடி ஜாடிகள், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை விசிறி. காசிமேட்டுப் பெண்கள் பதினான்கு பேரும் கூடைகளோடு வந்திருந்தார்கள். அவர்களுக்கு மூத்தவள் கோவிந்தம்மா. கட்டைக் குரலும் காதில் கல் தோடும் உள்ளவள், எந்தக் கூட்டத்திலும் அவள் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். அவள் சுவரிடம் போனாள். ஒன்பதடி உயரம், புதுச் சுண்ணாம்பு. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"இந்தச் செவுரு யாருக்கு?" என்று கேட்டாள்.

ஞானதுரை விசிறியின் வேகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

கோவிந்தம்மா உள்ளங்கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். பதினான்கு கூடைகளும் அவள் பின்னாலேயே போய்விட்டன. மறுநாள் முதல் அவர்கள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டருகில் உட்கார்ந்து விற்பதாகச் செய்தி வந்தது. "போகட்டும், சனியன் தொலைஞ்சது" என்றார் சங்கத் தலைவர் சண்முகவேல். திருநெல்வேலிச் சைவர், பாத்திரக்கடை வைத்திருப்பவர், மீன் என்ற சொல்லைக்கூட மூக்கைச் சுளிக்காமல் சொல்லமாட்டார். மீனுக்கென்று பின்னால் கட்டிய கொட்டகையில் யாரோ ஓட்டிவிட்ட வெள்ளாடுகள் குடியேறி, சிமெண்டு மேடையில் வசதியாகப் படுத்துக்கொண்டன.

முதல் வாரம் மார்க்கெட்டைப் பார்க்கக் கூட்டம் வந்தது. விளக்கைப் பார்த்தார்கள், விசிறியைப் பார்த்தார்கள், போனார்கள். இரண்டாம் வாரம் அதுவும் குறைந்தது. மாசி பிறந்தபோது மார்க்கெட்டில் வியாபாரிகள் ஒருவருக்கொருவர் வெற்றிலை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பது நாள் சேர்ந்தாற்போல் பூட்டிக் கிடக்கும் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்பது சர்க்கார் போட்ட நிபந்தனை. பங்குனியில் நாலு கடை பூட்டிவிட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து தங்கபுஷ்பத்தின் அண்ணன் கடிதம் எழுதினார்: "மாப்பிள்ளைக்கு அங்கு சரிவரவில்லையென்றால் நம் உப்பளத்தில் கணக்கெழுத ஆள் தேவைப்படுகிறது. கையெழுத்து நன்றாக இருக்குமே."

அந்தக் கடைசி வரிதான் ஞானதுரையைக் குத்தியது. மச்சான் வீட்டுத் தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுத்து, மச்சான் கணக்கை முத்து முத்தாக எழுதுவது. பன்னிரண்டு வருஷம் பட்டணத்தில் கடை வைத்தவனுக்கு அதைவிட என்ன கேடு வேண்டும்? கடிதத்தை மடித்து மனுவின் நகலோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மீன் வராம புளி எப்படிங்க விக்கும்?" என்றாள் தங்கபுஷ்பம்.

"உப்பு புளி வாங்காத வீடு உண்டுமா? சனங்களுக்கு இன்னும் பழகல. நான் ஒரு யோசனை வச்சிருக்கேன், பாரு."

யோசனை என்னவென்றால், பொட்டலத்தை முன்கூட்டியே கட்டி வைப்பது. 'ஞானம் மீன் குழம்புப் பொட்டலம்' என்று மேலே ரப்பர் முத்திரை, ஒரு மீன் படம். எல்லாம் ஒரே அளவு. ஐம்பது கட்டினார். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் ராத்திரி வேலை செய்யும் ஜெயவேல், காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு போகிற வழியில் நின்று ஒன்று வாங்கிப் போனான். அன்று மத்தியானமே ஒரு வாணலியைத் துணியால் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"இன்னா அண்ணாச்சி இது? மோந்து பாரு."

"என்னதுப்பா?"

"சொறா புட்டு. எம் பொண்டாட்டி உன் பொட்டலத்த அப்டியே கொட்டிட்டா. புட்டுல புளி! எங்க மாமியா ஊர்லேந்து வந்துகீது. ஒரு வாய் வச்சிட்டு, 'இன்னாடி, கொயம்பு தண்ணி வத்திப் போச்சா'ன்னு கேக்குது. மானம் போச்சு நைனா."

"சுறான்னு நீ சொல்லலியே."

"எப்பவும் நானா சொன்னேன்? அக்காதான் பாத்துச் சொல்லும். அக்கா எங்க?"

அக்கா கோயிலில் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். பத்துப் பதினைந்து நாளாகவே காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பகல் ஒரு மணிக்குத்தான் வருகிறாள். கஷ்டகாலத்தில் ஜெபம் நல்லதுதான் என்று ஞானதுரையும் விட்டுவிட்டார். ஜெயவேலுக்குப் பூண்டும் மிளகும் இனாமாகக் கொடுத்து அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த பொட்டலங்களைப் பிரித்துப் புளியைச் சாக்கிலேயே திரும்பக் கொட்டப் போனார். அப்போதுதான் கவனித்தார். சாக்கு பாதிக்குமேல் காலி. மிளகாய் மூட்டையும் குழிந்து கிடந்தது. கடைக்கு ஈ, காக்கை வரவில்லை. சரக்கு எங்கே போகிறது? எலி புளி தின்னுமா? தின்றாலும் கூடவே வெந்தயமும் தின்னுமா?

மறுநாள் தங்கபுஷ்பம் கிளம்பியபோது பார்த்தார். வேதப்புத்தகத்தோடு ஒரு தகரப்பெட்டியும் இடுப்பில் இருந்தது. கடையை விசிறியின் பொறுப்பில் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். அவள் கோயில் பக்கம் திரும்பவே இல்லை. கொருக்குப்பேட்டைத் தெருவில் நேராக நடந்தாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாக, எண்ண முடியாத நீளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கேட்டின் இந்தப் பக்கம் சைக்கிள்காரர்கள், கைவண்டிக்காரர்கள், மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். கேட் மூடினால் எவனும் எங்கேயும் போக முடியாது. நிற்கிறவன் மீனைப் பார்க்கிறான், பார்த்தவன் வாங்குகிறான். பதினான்கு கூடைகளும் வரிசையாக இருந்தன. கூடைகளுக்கு அந்தப் பக்கம் கீரைக்காரி, மண்சட்டிக்காரர், தேங்காய் விற்கும் கமாலுதீன் என்று பழைய கிடங்குத்தெருவில் நடைபாதையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கோவிந்தம்மாவின் பலகைக்குப் பக்கத்தில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, தகரப்பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி. அவளைச் சுற்றி ஏழெட்டு ஓலை முடிச்சுகள் நீண்டுகொண்டிருந்தன.

"இது பெரிய சங்கரால்லா? எத்தன பேரு? ஆறா? பிடி. அடுத்தது யாரு? நெத்திலியா, தாரேன், பொறு."

ஞானதுரைக்குக் கோபம் வந்தது. சங்கக் காரியதரிசியின் மனைவி ரயில்வே கேட்டில், புழுதியில்! ஆனால் அந்தக் கோபம் நிற்கவில்லை. அவள் முகம் வேர்த்து மின்னிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக வீட்டில் அந்த முகத்தை அவர் பார்க்கவில்லை. கிடங்குத்தெரு முழுதும் இங்கே எழுந்து வந்து உட்கார்ந்திருக்கிறது, தான் மட்டும் அங்கே ஒரு விசிறியோடு தனியாக இருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் துக்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

கோவிந்தம்மாதான் முதலில் பார்த்தாள். "வா அண்ணாச்சி! இன்னா, வழி தப்பி வந்துட்டியா? ஜெபக்கூட்டம் இங்கதான் நடந்துகினு கீது. குந்து."

பதினான்கு பேரும் சிரித்தார்கள். தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள், பயப்படவில்லை. "வையாதிய. சரக்கு புழு வைக்கதுக்கு முந்தி விக்கணும்லா? அதான் வந்தேன்."

"நான் ஒண்ணும் வையல" என்றார் ஞானதுரை. "கோவிந்தம்மா, நீங்க எல்லாரும் மார்க்கெட்டுக்கு வந்துருங்க. அங்கன நெழல் இருக்கு, குழா இருக்கு."

அப்போது என்ஜின் ஒரு பெருமூச்சு விட்டது. கரிப்பொடி மழை மாதிரி இறங்கியது. பெண்கள் அவசரமாக முந்தானையாலும் சாக்காலும் மீனை மூடினார்கள். கோவிந்தம்மா மூடிய கையை எடுக்காமலே பேசினாள்.

"நெயலு கீது, கொயா கீது. யாருக்கு வேணாம் சொல்லு? இங்க நாள் பூரா வெயில்ல வெந்துகினு கீறோம். கரி வியுது. ரயில்வே போலீஸ்காரன் வந்தா கூடையத் தூக்கினு ஓடுறோம். பேஜாருதான். ஆனா செவுத்துக்குப் பின்னாடி குந்த நாங்க இன்னா திருடிங்களா? ஏதோ பேப்பர்ல எய்தினியாமே எங்களப் பத்தி. ரொம்ப சோக்கா எய்திகீறேன்னு ஊரே சொல்லுது. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டு."

"அது... வீட்டுல இருக்கு."

"சட்டப் பையிலதான் இருக்கு" என்றாள் தங்கபுஷ்பம், ஒரு பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே. "தொவைக்கும்போது நாந்தானே எடுத்து வைக்கேன்."

தப்ப வழி இல்லை. கேட்டும் திறக்கவில்லை. ஞானதுரை காகிதத்தை எடுத்தார். சைக்கிள்காரர்கள்கூட நெருங்கி வந்து நின்றார்கள்.

"நாகரிகம் வளர்ந்துவரும் இக்காலத்தில், நாசியைத் துளைக்கும் துர்நாற்றமும்..."

"இரு. நாசின்னா இன்னா?"

"மூக்கு."

"தொளைக்குதா? யாரு தொளைச்சது உன் மூக்க? நல்லாத்தானே கீது."

"துர்நாற்றம்னா?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"கெட்ட... வாசனை."

"ம், மேல படி."

"...நாவினால் சொல்லொணாக் கூச்சலும் கொண்ட மீன் வியாபாரமானது, கண்ணியமான வர்த்தகத்தோடு அடுத்தடுத்து நடைபெறுவது முறையன்று..."

"கூச்சலு நாங்க. அது புரியுது. கண்ணியமான வர்த்தகம்னா யாரு?"

ஞானதுரை காகிதத்தையே பார்த்தார். அந்த வரியை எழுதிய அன்று, எழுதி முடித்துத் தனக்குத்தானே இரண்டு தரம் வாசித்துக்கொண்டது நினைவு வந்தது. "அது... நாங்க" என்றார்.

பிறகு கிளம்பிய சிரிப்பில் கூட்ஸ் வண்டியின் சத்தம்கூடக் கேட்கவில்லை. கமாலுதீன் தேங்காய்க் குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டார். கோவிந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் சிரித்து முடித்தபின் அவள் சொன்னது வேறு மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, நீ கடை தொறந்த அன்னிக்கு மொத பொட்டலம் வாங்கினது நானு. நெனப்பு கீதா? இந்தப் பொண்ணு அப்போ புதுசு. உங்க ஊரு மீனு பேரே வேற, ஒண்ணியும் தெரியாம முயிச்சுகினு நின்னுச்சு. எது காரப்பொடி, எது கவலை, எதுக்கு எம்மாம் புளின்னு பக்கத்துல குந்திகினு நாந்தான் சொல்லித் தந்தேன். இத்தினி வருசம் எங்க நாத்தத்துல சோறு துன்னுட்டு, இப்போ மூக்கத் தொளைக்குதுன்னு எய்தலாமா?"

ஞானதுரைக்கு வெட்கமாக இருந்தது. எல்லோரும் சிரித்தபோது வந்த வெட்கம் இல்லை இது. அவள் சொன்னது ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தே எழுதியிருக்கிறார். "தப்புத்தான்" என்றார். "நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன் கோவிந்தம்மா." அந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போனார்.

"கியிக்காத" என்றாள் அவள். "வச்சிக்கோ. அடுத்த தபா எய்தும்போது எடுத்துப் பாத்துக்கோ. எந்தக் கையால செவுரு கேட்டியோ, அதே கையால வழி கேளு. மீன வாங்கினவன் அப்டியே நேரா உன் கடைக்கு வர்ற மாதிரி வழி. வழி வந்தா நாங்க வருவோம்."

அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. சண்முகவேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"என்ன ஞானதுரை, மறுபடி அந்த நாத்தத்தைக் கூட்டிட்டு வரணுங்கியா?"

"அண்ணாச்சி, இப்ப நம்ம மார்க்கெட்டுல ஒரு நாத்தமும் இல்ல. ஆளும் இல்ல."

"நான் சைவம், கேட்டியா. என் கடை வாசல்ல மீனைத் தூக்கிட்டு நடந்தா என்னால இருக்க முடியாது."

"நீங்க சைவம் அண்ணாச்சி. உங்க கடைச் சட்டி சைவமா? பழைய தெருவுல உங்கட்ட அலுமினியச் சட்டி வாங்கினவள்ல எத்தன பேரு அதுல சாம்பார் வச்சா?"

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். சண்முகவேல் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அவர் கடையில் அன்று போணியாகவில்லை, நேற்றும் இல்லை. "சரி, எழுது" என்றார். "ஆனா அந்த நாசி கீசியெல்லாம் வேண்டாம்." இருபத்திரண்டில் பூட்டிப்போனவர்கள் போக மிச்சமிருந்த பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த மனு ஐந்தே வரிதான் இருந்தது. ஞானதுரை எழுதியதிலேயே சின்னது அது.

மராமத்து ஓவர்சியர் வால்டர் ராயபுரத்துக்காரர். தொப்பி வைத்த, தொந்தி உள்ள, நல்ல மனுஷன். மனுவைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சுவர்ல கதவு வைக்கணும்னா மேல சாங்ஷன் வேணும், மிஸ்டர் ஞானதுரை. பேப்பர் மேல போவணும், கீழ வரணும். எட்டு மாசம் ஆவும்."

"எட்டு மாசத்துல நாங்க எல்லாரும் ஊருக்கே போயிருவோம் சார். மார்க்கெட்டுல உங்க ஆடு மட்டுந்தான் இருக்கும்."

"ஆடு என்னுது இல்லப்பா." வால்டர் பெருமூச்சு விட்டார். அவருக்கும் ஒரு குறை இருந்தது. முன்பெல்லாம் மாலையில் வீட்டுக்குப் போகிற வழியில் கிடங்குத்தெருவில் வவ்வால் வாங்கிப் போவார். இப்போது அதற்காகக் கேட் வரைக்கும் சைக்கிள் மிதிக்க வேண்டியிருக்கிறது. தொந்தியோடு அது சுலபமில்லை. பீரோவைத் திறந்து மார்க்கெட் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். பென்சிலால் சுவரை அளந்துகொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இங்க பாருங்க. கொட்டாயைக் கழுவுற தண்ணி போறதுக்குச் சுவர்ல ஒரு திறப்பு. அகலம் நாலு அங்குலம்னு எழுதணும், எவனோ தூக்கத்துல நாலு அடின்னு எழுதிவச்சிருக்கான். அது அப்டியே சாங்ஷனும் ஆயிருக்கு."

"உயரம்?"

"உயரம் எழுதவே இல்ல." வால்டர் பென்சிலைக் காதில் செருகினார். "ஏழடி வச்சிடலாம்."

"தண்ணி ஏழடி உயரமாவா சார் போகும்?"

"தலைல கூடை வச்சிக்கினு போற தண்ணிக்கு அவ்ளோ உயரம் வேணுமில்ல?"

ஞானதுரை நாற்காலியிலிருந்து எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. வால்டர் கையை உதறிக்கொண்டு, "வாரத்துக்கு ஒண்ணு, நல்ல வவ்வாலா பாத்து எனக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்க. காசு குடுத்துடுவேன்" என்றார்.

சித்திரை முதல் வெள்ளிக்கிழமை திறப்பு இடித்து முடிந்தது. இந்தத் தடவை வாழைமரமும் இல்லை, பேச்சும் இல்லை. காலையில் ஆடுகளை விரட்டி மேடையைக் கழுவிவிட்டார்கள். தண்ணீர் அந்த ஏழடி வழியாக மரியாதையாகத் தரையோடு ஓடியது. ஒன்பதரைக்குக் காசிமேட்டிலிருந்து கூடைகள் வந்தன. கோவிந்தம்மா திறப்பில் நின்று, கூடையை இறக்காமலே மேலே அண்ணாந்து அளந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பத்து மணிக்கெல்லாம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கூட்ஸ் ஷெட்டிலிருந்தும் மில்லிலிருந்தும் அச்சாபீஸ்களிலிருந்தும் சனம் வந்து பின்பக்கம் மீன் வாங்கி, திறப்பு வழியாக முன்பக்கம் கொட்டியது. கமாலுதீன் தேங்காய்களோடு வந்து ஓர் ஓரம் பிடித்துக்கொண்டார். பூட்டிய கடைக்காரர் ஒருவர் கெடு முடியுமுன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். சண்முகவேல் நாசித் துவாரங்களில் பஞ்சு வைத்துக்கொண்டு சட்டி எடுத்துக் கொடுத்தார். "நாலாம் நம்பர் சட்டி போதுமா, அஞ்சு வேணுமா?" என்று அவர் கேட்டது ஜலதோஷக்காரன் பேசுவது போலிருந்தது.

தங்கபுஷ்பம் கடைக்குள் உட்கார ஒப்பவில்லை. திறப்பின் நடுவிலேயே ஒரு முக்காலி போட்டுக்கொண்டாள், ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். ஞானதுரை கடைக்கும் முக்காலிக்கும் நடந்து நடந்து சரக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். விசிறியைப் போடவே மறந்துவிட்டார்.

"ஏங்க, புளி!"

"இந்தா வாரேன்."

"மல்லி தீந்துட்டு. வெங்காயம் ஒரு முறம் கொண்டாங்க."

"இந்தா, இந்தா."

பதினொன்றரைக்குப் பொட்டலம் கட்டக் காகிதம் தீர்ந்துபோனது. பழைய பத்திரிகைக் கட்டு முழுவதும் போயிருந்தது. கடைசியாக முக்காலிக்கு முன்னால் நின்றவள் கோவிந்தம்மாதான். விற்றது போகத் தன் வீட்டுக்கென்று ஒதுக்கிய நாலு சங்கராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் இன்னும் இருபது பேர் நின்றார்கள்.

"ஏங்க, காயிதம்! கையிலயா புளியக் குடுக்க?"

ஞானதுரை கடைக்குள் ஓடினார். அலமாரியில் இல்லை. மூலையில் இல்லை. கல்லாப்பெட்டியைத் திறந்தார். உள்ளே, சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டிருந்த மச்சானின் கடிதமும், அதற்கடியில் மனுவின் நகலும் இருந்தன. அரை முழ நீளத் தாள், நல்ல தடித்த காகிதம், இரண்டு பக்கமும் முத்து முத்தான எழுத்து. ஒரு கணம் நின்றார். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். மச்சானின் கடிதத்தை மிளகாய்க்கென்று தங்கபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டு, மற்றதைத் தானே விரித்தார். கோவிந்தம்மாவின் ஓலையைத் தானே விரலால் விலக்கிப் பார்த்தார்.

"சங்கரா. வீட்டுல எத்தன பேரு?"

"எட்டு பேரு. நீயா அண்ணாச்சி பாக்குற?" என்று கோவிந்தம்மா கேட்டாள். தங்கபுஷ்பம் அவர் கையையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

அவர் புளியை எடுத்தார். கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு கிள்ளு சேர்த்தார். தங்கபுஷ்பம் தலையசைத்தாள். நாகரிகம் வளர்ந்துவரும் காலத்தின் மேல் புளி உட்கார்ந்தது. நாலு மூலையையும் மடித்து, நூல் சுற்றி, பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தார்.

கோவிந்தம்மா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அச்சு எழுத்து இல்லை, கையெழுத்து என்று அவளுக்கும் தெரிந்தது. எங்கேயோ பார்த்த காகிதம் போலவும் இருந்தது. அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இன்னா அண்ணாச்சி, இதுல இன்னாமோ எய்திகீதே. இன்னாது?"

"புளின்னு எழுதியிருக்கு" என்றார் ஞானதுரை.

"இத்தினி எயுத்தும் புளியா?"

"எல்லாம் புளிதான்."

கோவிந்தம்மா அந்தக் கட்டைக் குரலில் சிரித்த சிரிப்பு மார்க்கெட்டின் முன்பக்கம் வரைக்கும் கேட்டது. பொட்டலத்தை மீனோடு சேர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு, தலையில் வைத்து, குனியாமல் அந்த வழியாக நடந்து போனாள்.

"அடுத்தது யாரு?" என்றார் ஞானதுரை. "மீனக் காட்டுங்க."